ஃபில்ஃபாட் வராத வீடு

கிளமெண்ட்புரத்துக் கோயில் ஜன்னலில் ஆண்டவருக்கு நூற்று நாற்பது வருஷமாகக் காலே இல்லை. தோளில் ஆட்டுக்குட்டியைப் போட்டுக்கொண்டு, நீல அங்கியும் சிவப்பு மேலாடையுமாக முழங்கால் வரைக்கும் நன்றாகத்தான் இறங்கி வருவார். அதற்குக் கீழே வெறும் கண்ணாடி. சீமையிலிருந்து அந்தக் கண்ணாடிச் சித்திரம் மூன்று பெட்டிகளாகக் கப்பலேறி வந்தபோது மூன்றாம் பெட்டி துறையில் கை நழுவி விழுந்ததாம், அதில்தான் கால் இருந்ததாம். கோயிலைக் கட்டிய கிளமெண்ட் துரை இன்னொரு கால் கேட்டுக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டு, பதில் வருவதற்குள் காலராவில் போய்ச் சேர்ந்தார். பின்னால் வந்த யாரும் ஆண்டவருக்குக் கால் கேட்டு எழுதவில்லை. சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அவர் ஒரு சுவருக்குப் பின்னால் நிற்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம், பெரியவர்களான பிறகு நினைப்பதை விட்டுவிட்டோம்.

அந்தக் கீழ்க் கண்ணாடியில், ஊரோடு பந்தியில் உட்கார்ந்து கறிசோறு தின்னும் அசனப் பண்டிகைக்கு மறு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனையில் நாங்கள் முழங்கால் போட்டுப் பாவ அறிக்கை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு அடையாளம் வந்து நின்றது. மின்னலடிக்கவில்லை, மணி தானாக அடிக்கவில்லை, யாரும் மயக்கம் போட்டு விழவில்லை. கண்ணை மூடும்போது இல்லை, ஆமென் சொல்லித் திறக்கும்போது இருந்தது. கூட்டல் குறி போட்டு அதன் நான்கு முனையையும் ஒரே பக்கமாக மடக்கிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி, ஒரு சாண் உயரத்தில், ஊரைச் சுற்றிக் கிடக்கும் தேரி மணலின் சிவப்பில் இருந்தது. கடைக்காரர்கள் புதுக் கல்லாப்பெட்டியில் போடுவார்களே, கல்யாணப் பத்திரிகை மூலையில் அச்சடிப்பார்களே, அந்தச் சுவஸ்திக். வெயில் ஏறியதும் அதன் சிவப்பு திருவிருந்து மேசைமேல் விழுந்தது. சற்குணம் ஐயர் (எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம்) அந்தச் சிவப்பின் மேலேயே அப்பத்தை வைத்துப் பிட்டார், நாங்கள் வரிசையாகப் போய் வாங்கிக்கொண்டோம், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினோம்.

திங்கட்கிழமை, கோயிலைப் பெருக்கி மணியடிக்கும் கோயில்குட்டியார் யேசுவடியான் ஏணி போட்டு ஏறி அதைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தார், மண்ணெண்ணெயால் துடைத்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், கண்ணாடிதான் தேய்ந்தது. புதன்கிழமை கண்ணாடியையே கழற்றிவிட்டுத் திருச்செந்தூரிலிருந்து புதுக் கண்ணாடி வாங்கி மாட்டினார்கள். கழற்றிய கண்ணாடி வெறுமையாக இருந்தது, மாட்டிய கண்ணாடியில் அடையாளம் இருந்தது. அத்தோடு யேசுவடியான் ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு, இது நம்ம கையில் இல்லை என்று சொல்லிவிட்டார்.

மேலத்தெரு முத்தாரம்மன் கோயில்காரர்கள் நாலைந்து பேர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தார்கள், கும்பிட்டார்கள், நம்ம அடையாளம்தான், இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள், ஐயர் வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு ஒன்றும் இல்லை. எங்கள் கோயிலை நடத்தும் சேகரக் கமிட்டியின் செயலாளர் ராஜநாயகத்துக்குத்தான் வெளியே தலை காட்ட முடியவில்லை, கிறிஸ்தவக் கோயிலில் சுவஸ்திக் என்றால் பக்கத்து ஊர்க்காரன் சிரிக்க மாட்டானா என்று. ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் அவருடைய மகள் வேறு போன் பண்ணி, போட்டோ எடுத்து அனுப்பிவிடாதீர்கள், இங்கே இதை வரைந்தாலே போலீஸ் வரும், லட்சம் லட்சமாக ஆளைக் கொன்றவன் கொடியில் போட்ட அடையாளம் இது என்று சொல்லிவிட்டாள். மேலிடத்துக்கு எழுதினோம். ஒரு கமிட்டி போட்டு விசாரித்து அறிக்கை அனுப்பவும் என்று பதில் வந்தது. கமிட்டி எங்களிடம் ஏற்கெனவே இருந்தது.

கமிட்டி விசாரிப்பது என்றால் முதலில் அலமாரியைத் திறப்பது. அங்கி மாட்டும் அறையின் அலமாரியில், எலி தின்றது போக மிச்சமாக, ஒரு தகரக் குழாய்க்குள் அந்த ஜன்னலின் மூலப்படம் சுருட்டிக் கிடந்தது. விரித்துப் பார்த்தால் ஆண்டவருக்குக் கால் இருந்தது, காலுக்குக் கீழே அதே அடையாளம் வரிசையாக இருந்தது, பக்கத்தில் பொடி எழுத்தில் சீமைக்காரன் என்னவோ எழுதியும் இருந்தான். ராஜநாயகம் மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தும் பிடிபடவில்லை. எப்சிபா டீச்சரைக் கூப்பிட்டு விட்டார்கள்.

எப்சிபா அரசு உயர்நிலைப்பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர், வயது நாற்பத்துநான்கு, பிள்ளை கிடையாது. அவள் புருஷன் பொன்சிங் கப்பலில் சமையல் வேலைக்குப் போய் அப்போது ஏழு வருஷம் ஆகியிருந்தது. முதல் ஒன்றரை வருஷம் போன் வந்தது, பிறகு வரவில்லை. விசாரித்ததில், ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கினார், திரும்ப ஏறவில்லை என்று கப்பல்காரர்கள் ஒரு வரி எழுதியிருந்தார்கள். செத்தான் என்றும் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு: தூரம் போனவன் கட்டிலைக் கழற்றக் கூடாது, விரித்த விரிப்பு விரித்தபடி இருக்க வேண்டும், அவன் பெண்டாட்டி வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூரில் தங்கக் கூடாது. எந்தக் காலத்திலோ கொழும்பிலிருந்து திரும்பி வந்தவன் ஒருவன், பூட்டின கதவைப் பார்த்துவிட்டு அப்படியே தேரிக்குள் நடந்து போனானாம், அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லையாம். அவனுக்காக நாங்கள் எல்லோரும் கதவைத் திறந்து வைத்திருந்தோம். கிருஷ்ணகிரிப் பக்கம் தலைமையாசிரியை வேலை எப்சிபாவுக்கு மூன்று முறை வந்தது, மூன்று முறையும் வேண்டாம் என்று உரிமை விடல் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றினாள். ஒவ்வொரு ஞாயிறும் ஐயர், தூர இடங்களில் இருப்போருக்காக ஜெபிக்கையில், பெயர்ப் பட்டியலில் பொன்சிங் என்று வாசிப்பார். வாசித்ததும் கோயிலில் இருக்கிற அத்தனை தலையும் ஒருமுறை அவள் பக்கம் திரும்பிவிட்டு மறுபடி ஆண்டவர் பக்கம் திரும்பும். முதலில் அவளுக்கு அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் உதடு நம்முடையது மாதிரியே இருக்காதே, அப்படி ஆகிவிட்டது அவளுக்கு முழு உடம்பும்.

படத்தை அவள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள். மறுநாள் பள்ளிக்கூடத்துப் பெரிய அகராதியையும் சுமந்துகொண்டு வந்து கமிட்டி முன்னால் சொன்னாள். அடையாளத்துக்குப் பக்கத்தில் ஃபில்ஃபாட் என்று எழுதியிருக்கிறது, அகராதியிலும் அப்படி ஒரு சொல் இருக்கிறது, ரொம்ப அபூர்வமான சொல், இந்த அடையாளத்துக்கு இங்கிலீஷ்காரன் வைத்திருக்கிற பெயர் அதுதான். ஆனால் அது பிறந்த விதம் இப்படி இருக்கலாம் என்கிறார்கள்: நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு சீமான், தானும் தன் மனைவியும் முழங்கால் போட்டு நிற்கிற மாதிரிக் கோயில் ஜன்னலுக்குப் படம் வரைந்து கொடுத்தாராம், படத்துக்குக் கீழே இடம் காலியாக இருந்ததாம், அங்கே இந்த அடையாளத்தைப் போட்டு, இதை வைத்துக் கால்மாட்டை நிரப்பு, அதாவது ஃபில் ஃபுட், என்று கண்ணாடி வேலைக்காரனுக்கு ஒரு குறிப்பு எழுதினாராம். பின்னால் வந்தவர்கள் அந்தக் குறிப்பையே அடையாளத்தின் பெயராக எடுத்துக்கொண்டு புத்தகத்தில் ஏற்றிவிட்டார்கள். அகராதிக்காரனே 'இருக்கலாம்' என்றுதான் போட்டிருக்கிறான், அடித்துச் சொல்லவில்லை.

"அப்போ இது பேரே இல்ல ஐயா, வேலைக்காரனுக்குச் சொன்ன வேலை" என்றாள்.

"பேரோ வேலையோ, இங்கிலீஷ்தான டீச்சர்?" என்றார் ராஜநாயகம்.

இங்கிலீஷ்தான் என்றாள். ராஜநாயகத்துக்கு ஒரு மாதமாக இல்லாத தூக்கம் அன்றைக்குத்தான் வந்தது. நமது ஆலயச் சாளரத்தில் தோன்றியிருப்பது சுவஸ்திக் அல்ல, ஃபில்ஃபாட் என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது, என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மேலிடத்துக்கும் அப்படியே போயிற்று, ஜெர்மனிக்கும் அப்படியே போயிற்று. மேலத்தெருவில் அது சுவஸ்திக்காகவே இருந்தது, எங்கள் தெருவில் ஃபில்ஃபாட்டாக இருந்தது, இரண்டு தெருவுக்கும் நடுவில் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் அதைப் பில்பாட் என்றார்கள். பெயர் இருந்துவிட்டால் போதும், எங்கள் ஊரில் எதுவும் குடியிருந்துகொள்ளலாம்.

அந்தப் பெயர் வந்து ஒரு மாதம் கழித்து அது வீடுகளுக்கு வரத் தொடங்கியது. முதலில் வந்தது ஞானக்கண் வீட்டுக்கு. மும்பையில் கடை வைத்திருந்த அவள் மகன் சாம்ராஜின் கட்டிலில், தலைமாட்டில் அல்ல, கால்மாட்டுப் பலகையில், காலையில் விரிப்பு உதறப் போனபோது ஒரு சாண் உயரத்துக்குச் சிவப்பாக நின்றது. நல்ல காரியம் என்று ஞானக்கண் பாயசம் காய்ச்சி அண்டை வீடுகளுக்குக் கொடுத்தாள். எட்டாம் நாள் மும்பையிலிருந்து செய்தி வந்தது. பாயசம் குடித்தவர்களே போய் அழுதுவிட்டு வந்தார்கள்.

இரண்டாவதாக, மலேசியாவில் இருக்கிற ஆபிரகாமின் கட்டிலுக்கு வந்தது. அவன் தம்பி வீட்டில் பந்தல் போட்டு, எட்டு நாள் எதிர்பார்த்து, ஒன்பதாம் நாள் ஆபிரகாமே போன் பண்ணி, நான் இங்கேயே பிரஜையாகிவிட்டேன், என் பங்கு நிலத்தை நீயே வைத்துக்கொள் என்று சொன்னான். பந்தலைப் பிரித்தார்கள். அப்போதுதான் எங்களுக்கு விஷயம் விளங்கியது: அது சாவைச் சொல்லவில்லை, திரும்பி வரமாட்டான் என்பதைச் சொல்கிறது. அந்தக் கட்டிலில் இனிமேல் அந்தக் கால்கள் நீட்டிப் படுக்காது என்று தெரிந்த அன்றைக்கு அந்த இடத்தில் வந்து நின்றுகொள்கிறது. செத்ததனால் வராதவன், வசதியானதனால் வராதவன், வெட்கப்பட்டுக்கொண்டு வராதவன் எல்லோருக்கும் அளவும் நிறமும் ஒன்றுதான்.

பிறகு அது மழைக்காலத்து ஈசல் மாதிரி வீடு வீடாக வந்தது, நாங்களும் அதற்குத் தக்கபடி எங்களை ஒழுங்கு பண்ணிக்கொண்டோம். வந்த வீட்டில் ஐயர் வாசற்படியில் நின்று ஒரு ஜெபம் சொல்வார், பட்டியலில் பெயரை அடித்துவிடுவார், எட்டு நாள் கழித்துக் கட்டிலைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைப்பார்கள், அதற்குப் பிறகு வீட்டைப் பூட்டலாம், போகலாம். பலகையை அறுத்துப் பார்த்தவர்கள் உண்டு, அடுத்த பலகைக்கு வந்துவிடும். பெயிண்ட் அடித்துப் பார்த்தவர்கள் உண்டு, பெயிண்டுக்கு மேலே வந்துவிடும். துடைத்துப் பார்க்கிற வேலையை ஊரே விட்டுவிட்டது. வெளியூரில் இருப்பவர்கள் ராத்திரி பகல் பார்க்காமல் போன் பண்ணி, எனக்கு வந்துவிட்டதா என்று வீட்டில் கேட்டார்கள். துபாயிலிருந்து ஒருவன், வந்துவிட்டது என்று தெரிந்ததும் கிறிஸ்துமஸுக்கு எடுத்து வைத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்தான், இனிமேல் போய் என்ன, பலகையே சொல்லிவிட்டதே என்றானாம். அவன் வராமல் போனது அதனால்தானா, அல்லது வராமல் போகப்போவதனால்தான் அது வந்ததா என்று யாரும் மண்டையைப் போட்டு உடைக்கவில்லை. மேலத்தெருவில் அதற்குக் குங்குமம் வைத்தார்கள். எங்கள் தெருவில் அதன் மேல் ஒரு துவாலையைப் போட்டார்கள். ஊரில் அழுகிற சத்தம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒரு வீட்டுக்கு வந்துவிட்டது என்று சொன்னால், அப்படியா, எப்போது கழற்றுகிறார்கள், ஸ்பேனர் எங்கள் வீட்டில் இருக்கிறது, என்று கேட்கிற அளவில் வந்து நின்றது.

எப்சிபா வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

காலையில் எழுந்ததும் அடுப்பைக் கூடப் பற்றவைக்காமல் அவள் அந்த அறைக்குப் போய், விரிப்பின் நுனியைத் தூக்கிக் கால்மாட்டுப் பலகையைப் பார்ப்பாள். வெறும் பலகை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பார்ப்பாள். வெறும் பலகை. மற்ற வீடுகளில் எதைக் கண்டு நெஞ்சு அடைத்ததோ, அதற்காக இவள் இரண்டு வருஷம் காத்துக்கொண்டிருந்தாள். பட்டியலில் நூற்றுப்பத்து பெயர் இருந்தது அறுபதானது, இருபதானது, கடைசியில் ஏழு பெயர்தான் மிச்சம், ஏழில் ஒன்று பொன்சிங். பெயர் குறையக் குறைய அவளைத் திரும்பிப் பார்க்கிற நேரம் கூடிக்கொண்டே போயிற்று. அடுத்த வீட்டில் இருக்கிற பொன்சிங்கின் அண்ணன் ஆசீர், வழியில் கண்டவர்களிடமெல்லாம், என் தம்பி வருவான், பில்பாட்டே சொல்லுது பாருங்க, என்று சொல்லி அதில் ஒரு பெருமையும் வைத்துக்கொண்டார். மாதர் சங்கத்தில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், அவள் விசுவாசத்துக்கு. அவள் அதை வாங்கி மடித்து, பீரோவில் வைத்தாள்.

நான்காவது முறையாகத் தலைமையாசிரியை உத்தரவு வந்தது. இந்த முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் இனிமேல் பட்டியலில் பெயர் வராது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பதில் தர ஆறு நாள் இருந்தது. அவள் ஆசீரிடம் போய்க் கேட்டாள், கையைக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை லீவு கேட்கிற மாதிரி.

"அத்தான், நான் போயிட்டு லீவுக்கு லீவு வாரேன். நீங்க கதவத் தொறந்து வச்சுக்கிடுங்க."

"அது எப்படி எப்சி? அவன் வருவான்னு தெரிஞ்சு போச்சுல்லா. தெரியாதவளுக போனா ஒரு மாதிரி. தெரிஞ்ச பெறகு நீ போனா அதுக்கு என்ன பேரு?" என்றார் ஆசீர். கெட்ட மனுஷன் இல்லை, அவள் வீட்டுக் கூரை ஒழுகினால் முதல் ஆளாக ஏறுகிறவர்.

அவள் சரி என்று வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும், பத்தாம் வகுப்பு மேசையிலிருந்து செங்கல் நிறத்தில் ஒரு சாக்பீஸ் எடுத்துக் கைப்பையில் போட்டாள். விடைத்தாளில் இரக்கப்பட்டு அரை மதிப்பெண் கூடப் போட்டவள் இல்லை, முப்பத்துநான்கரை எடுத்த பிள்ளையைப் பெயிலாக்கிவிட்டு அதன் தாயிடம் திட்டு வாங்கியவள். வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, காப்பி போட்டுக் குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அறைக்குள் போய் விரிப்பைத் தூக்கி, தரையில் உட்கார்ந்து, முதலில் நேர்க்கோடு, பிறகு குறுக்குக்கோடு, பிறகு ஒவ்வொரு முனையாக ஒரே பக்கமாக மடக்கினாள். கரும்பலகையில் எழுதி எழுதிப் பழகிய கை, ஒரு கோடும் கோணவில்லை. ஒரு சாண் இருக்கிறதா என்று கையை வைத்து அளந்து பார்த்தாள். பயம் வரும் என்று சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள், பயமும் வரவில்லை. எழுந்து போய் ஆசீரைக் கூப்பிட்டாள்.

ஆசீர் நிலைப்படியில் நின்று பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அவர் அழுததைப் பார்த்தபோதுதான் அவளுக்கு எங்கேயோ கொஞ்சம் வலித்தது. ஐயர் வந்து வாசலில் ஜெபம் சொன்னார், பெயரை அடித்தார். ஞாயிற்றுக்கிழமை ஆறு பெயர்தான் வாசிக்கப்பட்டது, ஒரு தலையும் அவள் பக்கம் திரும்பவில்லை, ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவள் பிரசங்கம் முழுவதையும் கேட்டாள். அப்படியொரு நேரத்தில் சந்தோஷப்படலாமா என்றால் கூடாதுதான், அவள் சந்தோஷப்பட்டாள்.

எட்டு நாள் கழித்துக் கட்டிலைக் கழற்ற ஆசீர் பொறுப்பேற்றுக்கொண்டார். உத்தரவில் போட்ட தேதிக்கு வேலையில் சேர வேண்டும் என்பதால் எப்சிபா வியாழக்கிழமையே கிளம்புவதாக இருந்தது. பாத்திரங்களைச் சாக்கில் கட்டி, புத்தகங்களை நாலு அட்டைப்பெட்டியில் போட்டு, மினி லாரியும் வாசலில் வந்து நின்றிருந்தது. பத்தரை மணி பஸ் வந்தது. அதிலிருந்து பொன்சிங் இறங்கினான்.

மெலிந்து போயிருந்தான், தலைக்குச் சாயம் அடித்திருந்தான், கையில் ஒரு சின்னப் பை. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் அவனைப் பார்த்து, வா பொன்சிங், என்றார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் நடக்க நடக்கத் தெருவும் பின்னாலேயே நடந்தது. ராஜநாயகம் செருப்புப் போடாமல் ஓடிவந்து, ஃபில்ஃபாட் இதுவரை ஒருமுறை கூடத் தப்பியதில்லை, ஆகவே வந்திருப்பது பொன்சிங்தானா என்று தீர்மானிக்கக் கமிட்டி கூட வேண்டும், அதுவரை யாரும் அவனிடம் பேச வேண்டாம் என்றார். பொன்சிங்குக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்ட மாதிரி, நடந்துகொண்டே தன் கையைத் தடவிப் பார்த்தான். ஆசீர் மட்டும் தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவேயில்லை. எங்கே இருந்தாய், என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்கு அவன், அந்தத் துறைமுகத்தில் இறங்கினேன், ஒரு ஓட்டலில் வேலை கிடைத்தது, இன்றைக்கு எழுதலாம் நாளைக்கு எழுதலாம் என்று இருந்துவிட்டேன், அங்கே ஒரு குடும்பமும் இருந்தது, அது சரியாக வரவில்லை, என்று சொன்னான். அவ்வளவுதான் கதை. ஒன்பது வருஷம் அதற்குள் அடங்கிவிட்டது.

வீட்டுக்குள் போனவன், சாக்கு மூட்டைகளையும் அட்டைப்பெட்டிகளையும் தாண்டிக்கொண்டு நேராகத் தன் கட்டிலில் போய் உட்கார்ந்தான். நாங்கள் வாசலிலும் ஜன்னலிலும் நின்றோம். எப்சிபா, சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். பஸ்ஸில் பன் சாப்பிட்டேன் என்றான். அப்புறம்தான் கால்மாட்டைப் பார்த்தான். வெளியூரில் இருந்தவனுக்கு எங்கள் ஊர் விஷயம் தெரியாது, வரும் வழியில் ஆசீர்தான் சொல்லியிருந்தார். குனிந்து, கட்டைவிரலை எச்சில் தொட்டு, அடையாளத்தின் வலப்பக்கத்துக் கையைத் தேய்த்தான். விரலில் செங்கல் பொடி ஒட்டியது, பலகையில் அந்த இடம் வெறுமையானது.

ஜன்னலில் நின்றவர்கள் தலையை உள்ளே நீட்டினார்கள். அதைத் துடைக்க முடிந்ததை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

"இது சாக்பீஸ்லா. யாரு போட்டது?" என்றான்.

ஊர் முழுவதும் கேட்டுக்கொண்டு நிற்கிறது. பொய் சொல்ல நினைத்திருந்தால் எத்தனையோ சொல்லியிருக்கலாம். அவள் கண்ணைத் தாழ்த்தக் கூட இல்லை.

"நான்தான் போட்டேன்."

"நான் வரமாட்டேன்னு ஒனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. நீங்க வருவீங்கன்னுதான் எல்லாரும் சொன்னாவ. வருவீங்கன்னு எனக்கும் தெரியும்" என்றாள். "நீங்க வரமாட்டீங்கன்னு நான் போடல. இனி இங்க இருந்து பாக்க எனக்கு முடியாதுன்னு போட்டேன்."

ஐயர் பின்வரிசையில் நின்று தொண்டையைக் கனைத்தார். எப்சிபா அடுக்களைக்குப் போய், மூட்டை கட்டாமல் வைத்திருந்த இட்லிச் சட்டியிலிருந்து நாலு இட்லி எடுத்து, பொடி வைத்து, எண்ணெய் ஊற்றித் தட்டில் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். தண்ணீர் வைத்தாள். சாவியை ஆசீர் கையில் கொடுத்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, மிச்சமிருந்த சாக்பீஸ் துண்டை எடுத்து, கால்மாட்டில் குனிந்து, அவன் தேய்த்துவிட்ட அந்தக் கையை மறுபடி நேராக இழுத்து, நுனியை மடக்கினாள். சாக்பீஸ் அத்தோடு தீர்ந்தது. விரலைத் தட்டிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது நாங்கள் வழி விட்டோம், லாரியில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, போகலாம் என்றாள்.

லாரி குழாயடி தாண்டித் திரும்புகிற வரைக்கும் பொன்சிங் இட்லியைத் தொடவில்லை. பிறகு குனிந்து, முன்போலவே கட்டைவிரலை எச்சில் தொட்டு, அந்தக் கையைத் தேய்த்தான். விரலைத் திருப்பிப் பார்த்தான், பொடி ஒட்டவில்லை. தம்ளரிலிருந்த தண்ணீரை ஊற்றிச் சட்டை நுனியால் தேய்த்தான், ஆசீரிடம் மண்ணெண்ணெய் கேட்டு வாங்கித் தேய்த்தான், கடைசியில் யேசுவடியான் தன் வீட்டிலிருந்து உப்புத்தாள் கொண்டுவந்து கொடுத்தார். மத்தியானம் வரைக்கும் நின்று பார்த்துவிட்டு நாங்கள் சாப்பிடப் போனோம். அவன் தேய்த்துக்கொண்டிருந்தான், பலகைதான் தேய்ந்தது.